பதினாலு ஆள்

ஸ்டோரில் கந்தக அமிலம் தீர்ந்து ஒன்பது நாள்.
இண்டெண்ட் தாள் மேலதிகாரி மேசையில்
பேப்பர்வெயிட்டுக்கு அடியில் தூங்குகிறது.
என்னிடம் இருந்தது பாதி பாட்டில்.
வந்து சேர்ந்ததோ
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்,
ஏழு கேன்.
மூடியைத் திறந்தால் மூன்றாம் நாள் கஞ்சி வாடை.

குடுவைக்கு முப்பது மில்லி ஊற்ற வேண்டும்.
பதினைந்து ஊற்றினேன்.
யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.
மாவில் தண்ணீர் கூட்டி
தோசைக் கணக்கைச் சரிக்கட்டுகிற கை
எனக்கும் இருக்கிறது.

டைகுரோமேட்டில் குறை வைக்கவில்லை.
சில்வர் சல்பேட்டும் போட்டேன்,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகியிருக்க வேண்டிய வெள்ளி.
இரண்டு மணி நேரக் கொதி.
அதுவும் சோம்பலான கொதி;
அமிலம் குறைந்தால் சூடும் மேலே ஏறாது.
பச்சைக்குத் திரும்ப வேண்டிய குடுவை
ஏற்காட்டுக் கமலாப்பழமாகவே
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி பரவால்ல போல மேடம்" என்றார்
கேன் கொண்டுவந்த அர்த்தநாரி.
இருநூற்று முப்பத்தாறு.
இருநூற்றைம்பது வரை அனுமதி உண்டு.
மற்ற ஆறும் அப்படியே, கோட்டுக்கு இந்தப் பக்கம்.
கையெழுத்துப் போட்டேன். ஏழு தாள்.

கண் ஏமாறவில்லை என்று எப்படிச் சொல்வேன்.
இதே உப்பில் காரத்தைச் சொட்டினால்
ஆரஞ்சு வடிந்து மஞ்சளாகும்,
அழுக்குப் பக்கத்திலேயே கிடந்தாலும் தொடாது.
சுண்ணாம்புக் கரட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு போல
இருந்தும் இல்லாத கதை.
எம்.எஸ்சி. முதல் வருடமே தெரியும் எனக்கு.

வியாழக்கிழமை அமிலம் வந்தது.
ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்திருந்த மிச்ச மாதிரியை
ஏன் வெளியே எடுத்தேன் தெரியவில்லை.
முப்பது மில்லி.
கையுறையைத் தாண்டிச் சுட்டது கண்ணாடி.
மாலை நான்கரைக்குக் குடுவையில்
குளத்துப் பாசியின் பச்சை.
ப்யூரெட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே
செங்கல் நிறம் வந்து குதித்தது.
நானூற்றுப் பத்து.

"அதே தண்ணி, அதே மருந்து.
அந்த ஆசிட் அப்படி என்னதான் பண்ணுது?"
அர்த்தநாரி லீ பஜாரில் மூட்டை தூக்கியவர்.
அதனால் இப்படிச் சொன்னேன்:
ரெண்டு குரோமியம், அதுங்க மேல ஏழு மூட்டை ஆக்சிஜன்.
மூட்டை இறங்கினால்தான்
அதுங்க கை நீட்டி அழுக்கைப் பிடுங்க முடியும்.
ஒரு மூட்டைக்கு ரெண்டு ஆள் வேணும்.
பிடிச்சுத் தூக்கித் தண்ணியாக்கிக் கொண்டுபோகணும்.
பதினாலு புரோட்டான்.
அந்த ஆளுங்களைக் கூட்டிவர்றதுதான் அமிலம்.

டம்ளரைக் கீழே வைத்தார்.
"அப்ப அன்னிக்கு நீங்க
ஏழு ஆளைத்தான் விட்டீங்களா?"

கிட்டத்தட்ட.

"அப்ப லோடு எறங்கல."
சிரிக்கவில்லை அவர்.
அவர் வீட்டுக்குப் பின்னால்தான் அந்த ஓடை
என்பதை அப்புறம்தான் சொன்னார்,
சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே.

'அமிலம் குறைவாகச் சேர்க்கப்பட்டது'
என்று எழுதி, அடித்தேன்.
சேர்க்கப்பட்டதாம்.
அந்த வாக்கியமும் காரத்தில்தான் நின்றது.
'அமிலத்தைக் குறைத்தது நான்.
ஏழு அறிக்கையும் செல்லாது.'
கீழே பெயர்: வெ. தமயந்தி, ஆய்வாளர்.

அதிகாரி இரண்டு முறை படித்தார்.
மெமோ உண்டா என்று கேட்க வாய் வரவில்லை.
"இருக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன்
இருட்டோடு கலந்துகொண்டிருந்தது;
கொண்டை ஊசி வளைவொன்றில் ஒரு லாரி விளக்கு
தெரிந்து, மறைந்து, மேலே போய்த் தெரிந்தது.

என் தாளின் மேல்
அதே பேப்பர்வெயிட்டை எடுத்து வைத்தார்.
அதற்குள்ளே ஒரு கண்ணாடிப் பூ.
ஆரஞ்சு நிறம்.